வாசகர் கேள்வி–பதில்: சூட்டை விடாத உலோகம்

சென்ற இதழில் ‘தரம் 5’ எனப்படும் தைத்தேனியக் (டைட்டானியம்) கலப்புலோகம் பற்றிச் சிறு குறிப்பொன்று வந்திருந்தது. நூற்றுக்கு 6 பங்கு அலுமினியம், 4 பங்கு வனேடியம், மிச்சம் தைத்தேனியம். பட்டறைக்காரர் ‘ஆறு–நாலு’ என்பது இதைத்தான். உருக்கின் பாரத்தில் பாதிக்குச் சற்று மேல், பலமோ நல்ல கலப்புருக்கோடு போட்டி போடும் என்று எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, “ஸ்ரெயின்லஸ் மாதிரித்தானே என்று கைவைத்தோம், பழுதாகிவிட்டது” என்கின்றன. இந்த உலோகத்துக்கு இரண்டு குணம் உண்டு. உள்ளே வந்த சூட்டை வெளியே விடாது. சூடாக இருக்கும்போது பக்கத்தில் உள்ள காற்றைக் குடித்துவிடும். கீழே உள்ள பழுதுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றால் வந்தவைதான்.

கேள்வி: 25 மி.மீ. தரம் 5 கம்பி ஒன்றைக் கடையக் கொண்டுவந்தார்கள். மெல்லுருக்குக்கு ஓட்டுகிற, நிமிடத்துக்கு 450 சுற்றில், ஹைஸ்பீட் உருக்கு உளியால் விட்டேன். இரண்டு அங்குலம் போகமுதல் உளிமுனை கருகி மழுங்கிவிட்டது. திரும்பத் தீட்டி விட, தட்டில் கிடந்த சீவல் தீப்பிடித்து வெள்ளையாக எரிந்தது. தண்ணீர் ஊற்றினேன், இன்னும் மூண்டது. எங்கே பிழை?
— லேத் பட்டறைக்காரர், கொக்குவில்

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். 25 மி.மீ. கம்பி 450 சுற்றில் ஓடினால் உளியின் கீழ் நிமிடத்துக்கு 35 மீற்றர் உலோகம் போகிறது. மெல்லுருக்குக்கு அது பொருந்தும். ஆறு–நாலுக்கு ஹைஸ்பீட் உளியில் 10 முதல் 12 மீற்றர்தான் கணக்கு. உங்கள் கம்பிக்கு அது 150 சுற்று. மூன்று மடங்கு கூடுதலாக ஓட்டியிருக்கிறீர்கள். காபைட் உளி என்றால் 45 மீற்றர், அதாவது 570 சுற்று வரை போகலாம்.

ஏன் இவ்வளவு மெதுவாக? மெல்லுருக்கு சூட்டைக் கடத்தும் அளவு ஏறத்தாழ 50 என்றால் ஸ்ரெயின்லஸ் 16, இது வெறும் 7. உருக்கைக் கடையும்போது சீவல் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இங்கே சீவல் மெல்லியது, உளிமுனையில் அது தொடும் இடமும் சிறியது. சூடு முழுவதும் அந்த ஊசிமுனை இடத்தில் தேங்கி உளிக்குள் இறங்கும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே உளியின் ஆயுள் பாதியாகிவிடும். ஆனால் தள்ளும் அளவைக் கூட்டினால் அவ்வளவு சேதம் இல்லை. அதனால் மெதுவாகச் சுற்றி, தைரியமாகத் தள்ளுங்கள்: சுற்றுக்கு 0.15 மி.மீ. அளவு, ஆழம் 1 முதல் 2 மி.மீ. வரை. பயந்து பயந்து 0.03 தள்ளினால் உளி வெட்டாமல் உரசும். உரசினால் சூடு, சூட்டினால் மழுக்கம், மழுக்கத்தினால் மேலும் உரசல். உளி வெட்டில் நிற்கும்போது தள்ளுவதை நிறுத்தி யோசிக்கவும் கூடாது; ஒன்றில் வெட்டவேண்டும், இல்லையேல் விலக்கவேண்டும்.

காபைட் வாங்கும்போது வார்ப்பிரும்புக்கும் அலுமினியத்துக்கும் விற்கிற, பூச்சில்லாத, கூர்விளிம்பு உள்ள வகையைக் கேளுங்கள். உருக்குக்கென வரும் தடித்த, விளிம்பு மழுக்கிய வகை இதற்கு ஆகாது. கூலன்ற் சொட்டுச் சொட்டாகப் போதாது. நூற்றுக்கு 5 முதல் 10 வரை கரைத்த தண்ணீர்க் கூலன்றை உளிமுனையில் ஊற்று மாதிரி விழவிடுங்கள். குளோரீன் கலந்த வெட்டெண்ணெய் வேண்டாம். அந்த எச்சம் ஒட்டியிருக்க வேலைப்பொருள் பிறகு சூடானால் வெடிப்பு விடும். நீளக் கம்பி என்றால் பின்னால் சென்ரர் (மறுமுனையைத் தாங்கும் கூர்முனை) கொடுக்காமல் கடையவேண்டாம். இதன் விறைப்பு 114 கிகாபஸ்கல், உருக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேல். உளி தள்ளக் கம்பி வளைந்து விலகும், விலகி உரசும், பிறகு நடுங்கும்.

இனித் தீ. தடித்த துண்டு எரியாது. மெல்லிய சீவலும் கிரைண்டர்த் தூளும் எரியும். எரிகிற தைத்தேனியம் தண்ணீரில் இருந்து ஒட்சிசனைப் பறித்து ஐதரசனை விடும், அதுவும் எரியும். நீங்கள் கண்டது அதைத்தான். காபனீரொட்சைட்டு அணைப்பானும் உதவாது. நன்றாகக் காய்ந்த மணல் ஒரு வாளி, அல்லது வறளக் காய்ந்த உப்பு லேத்தின் பக்கத்தில் இருக்கட்டும். உலோகத் தீக்கென விற்கிற அணைதூள் பலவற்றின் அடிப்படைப் பொருளும் உப்புத்தான். ஆனையிறவு உப்பை வெயிலில் காயவைத்து மூடித் தகரத்தில் போட்டு வைத்தாலும் கைக்கு உதவும். மேலே அள்ளிப் போட்டு மூடிவிட்டுக் கிளறாமல் விடுங்கள். ஈரமணல் தண்ணீருக்குச் சமம், கவனம். மற்றது, சீவலை வேலை முடிய முடிய அள்ளி மூடித் தகரத்தில் போடவேண்டும். உருக்குச் சீவலோடு குவித்து வைத்து, பக்கத்தில் கிரைண்டர் போடுவதுதான் அதிகம் நடக்கிற பிழை.

துளைபோடுவதையும் கேட்டிருந்தீர்கள். கோபால்ற் கலந்த, 135 பாகை முனைத் துளையூசி, 6 மி.மீ. துளைக்கு 450 முதல் 500 சுற்று. ஊசியின் விட்டமளவு ஆழம் போனதும் வெளியே எடுத்துச் சீவலைத் தட்டி விட்டு மீண்டும் இறக்குங்கள். எம்6 மரை போடுவதற்கு வழமையான 5.0 துளையை விட்டு 5.1 போடுங்கள். மரையின் உயரம் நூற்றுக்கு 70 அளவில் நிற்கும். பிடிப்புக்கு அது போதும், மரை வெட்டும் ராப் உள்ளே முறிந்து நிற்கும் தொல்லையும் குறையும்.

கேள்வி: இணையத்தில் தைத்தேனியம் என்று விற்கிறார்கள். உண்மையா என்று வீட்டில் பார்க்க வழி உண்டா?
— ஒரு வாசகி, சுன்னாகம்

பதில்: உண்டு, தங்கம் நிறுக்கிற சின்னத் தராசு போதும். சாமானைக் காயவைத்து நிறுங்கள், 62.0 கிராம் என்று வைப்போம். தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துப் பூச்சியம் ஆக்குங்கள். சாமானை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாகத் தாழ, ஆனால் அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் தூக்கிப் பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் எண் 14.0 என்றால், 62.0 வகுத்தல் 14.0, விடை 4.43. ஆறு–நாலு அதுதான். உருக்காக இருந்தால் தராசு 8 கிராமுக்குச் சற்றுக் கீழே காட்டும், அலுமினியம் என்றால் 23 காட்டும். சாமானில் காற்றுக் குமிழி ஒட்டினால் கணக்குப் பிழைக்கும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள். உள்ளே பொள்ளாக அடைபட்ட சாமானுக்கும், மரப்பிடி போட்டதற்கும் இந்த முறை சரிவராது.

இரண்டாவது சோதனை கிரைண்டர். ஓரத்தை ஒருதரம் தொட்டால் கண்ணைப் பறிக்கிற வெள்ளைப் பொறி பறக்கும். உருக்கின் பொறி மஞ்சள், அலுமினியத்துக்குப் பொறியே இல்லை.

தரம் 5-ஐயும் சுத்தத் தைத்தேனியமான தரம் 2-ஐயும் பிரிப்பதுதான் கடினம். தரம் 2-இன் அடர்த்தி 4.51. மேற்சொன்ன சாமான் தரம் 2 ஆக இருந்தால் தராசு 13.75 காட்டும்; கால் கிராம் வித்தியாசத்தை நூலோடும் குமிழியோடும் நம்ப முடியாது. அரத்தால் உராய்ந்தால் தரம் 2 மெதுவாக விட்டுக்கொடுக்கும், தரம் 5 அரத்துக்கு அதைவிடக் கூடுதலாக எதிர்த்து நிற்கும். பலம் தாங்கவேண்டிய வேலைக்கு இந்தக் கைவைத்தியம் ஒன்றும் போதாது. ஆலைச் சான்றிதழும், அதில் உள்ள, எந்த உருக்கலில் வந்தது என்று காட்டும் இலக்கம் கம்பியில் குத்தியிருக்கிறதா என்பதும் பார்த்து வாங்குங்கள்.

‘தைத்தேனியத் துளையூசி’ என்று பொன்னிறத்தில் விற்பது ஹைஸ்பீட் உருக்கின் மேல் தைத்தேனிய நைத்திரைட்டுப் பூச்சு. அது பொய்யல்ல, பூச்சின் பெயரைச் சாமானுக்கு வைத்துவிட்டார்கள். தைத்தேனியக் கத்தி என்றால் மட்டும் யோசியுங்கள். ஆறு–நாலின் கடினம் றொக்வெல் அளவில் 36, கத்தி உருக்கு 55-க்கு மேல். மீன் வெட்டத் தொடங்கி ஒரு கிழமையில் முனை போய்விடும்.

கேள்வி: 1.6 மி.மீ. தரம் 5 தகடு இரண்டை ரிக் வெல்டிங்கில் (TIG: ஆகன் வாயு மூட, ரங்ஸ்ரன் முனையின் மின்வில்லால் ஒட்டுவது) ஒட்டினேன். மேலே நீலமும் ஊதாவுமாக நல்ல வடிவாக வந்தது. ஸ்ரெயின்லசில் இப்படி நிறம் வந்தால் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் வைஸில் பிடித்து ஒரு தட்டுத் தட்ட, ஒட்டு கண்ணாடி மாதிரி முறிந்தது. அம்பியர் கூடிவிட்டதா?
— வெல்டிங் வேலை செய்யும் தம்பி ஒருவர், மானிப்பாய்

பதில்: அம்பியரில் பிழை இல்லை தம்பி, அந்த வடிவான நிறத்தில்தான் பிழை. வெள்ளி நிறம் என்றால் ஒட்டு சுத்தம். மெல்லிய வைக்கோல் நிறம் பெரும்பாலும் ஏற்கப்படும். மண்ணிறம் வந்தாலே சந்தேகம். ஊதாவும் நீலமும் பலம் வேண்டிய வேலையில் தள்ளுபடி. சாம்பலாகவோ வெள்ளைத் தூளாகவோ வந்தால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நிறம் என்பது மேலே படிந்த ஒட்சைட்டுப் படையின் தடிப்பு. அந்தப் படை அல்ல ஆபத்து. படை உண்டான நேரத்தில் உலோகத்துக்குள் இறங்கிய ஒட்சிசனும் நைதரசனும்தான் ஆபத்து. தரம் 5-இல் ஒட்சிசன் நூற்றுக்கு 0.20-க்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு செக்கன் காற்றுப்பட்டால் ஒட்டின் தோல் அதைத் தாண்டிவிடும். உலோகம் கடினமாகும், இழுபடாது, தட்டினால் முறியும்.

ஸ்ரெயின்லசில் குழம்பு உறைந்ததும் ரோர்ச்சை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவீர்கள். இங்கே உறைந்த பிறகும் 430 செல்சியசுக்குக் கீழே இறங்கும் வரை ஆகன் மூடியிருக்கவேண்டும். சூட்டை விடாத உலோகம் என்றோமே. ரோர்ச் இரண்டு அங்குலம் தள்ளிப் போனபிறகும் பின்னால் உள்ள ஒட்டு சூடாகத்தான் இருக்கும், ரோர்ச்சின் வாயு அங்கே எட்டாது. அதற்குத்தான் வால்மூடி. ஸ்ரெயின்லஸ் தகட்டில் 30 மி.மீ. அகலம், 80 முதல் 100 மி.மீ. நீளத்தில், அடி திறந்த சிறு பெட்டி ஒன்று செய்து ரோர்ச்சின் வாய்க்குப் பின்னால் பூட்டுங்கள். உள்ளே துளைபோட்ட சிறு குழாய் ஒன்று, அதற்குக் கீழே ஸ்ரெயின்லஸ் கம்பிப் பஞ்சு. வாயு சீறாமல் பரவி இறங்குவதற்குத்தான் அந்தப் பஞ்சு.

ரோர்ச்சுக்கு, வாயுவைச் சுழலாமல் நேராக விடும் வாயு வில்லையும் 12-ஆம் இலக்க அகலவாய்க் கிண்ணமும் போட்டு, நிமிடத்துக்கு 10 முதல் 12 லீற்றர் விடுங்கள். கூட விட்டால் நல்லது என்று 25-இல் வைப்பவர்கள் இருக்கிறார்கள்; வாயு சுழன்று பக்கத்துக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வரும், கிடைப்பது நீலம்தான். தகட்டின் அடிப்பக்கத்துக்கும் தனியாக ஆகன் வேண்டும். மேலே வெள்ளி, கீழே சாம்பல் என்றால் அந்த ஒட்டு முறியும். வெல்டிங் முடிந்து 25, 30 செக்கன் ரோர்ச்சை அசைக்காமல் பிடித்திருங்கள். சோளகம் வீசுகிற நாட்களில் கதவு, யன்னல், மின்விசிறி மூன்றையும் மூடி நிறுத்தாமல் தொடங்கவே வேண்டாம். ஆகன் சிலிண்டர் 99.99-க்கு மேல் சுத்தம் உள்ளதா என்று கேட்டு எடுங்கள். பழைய றப்பர்க் குழாய் ஈரத்தை உள்ளே விடும், பிளாஸ்ரிக் குழாய் புதிதாகப் போடுங்கள்.

துப்புரவில் பாதி வேலை இருக்கிறது. ஓரத்தை அரத்தால் பளபளப்பாக்கி, புதிய ஸ்ரெயின்லஸ் தூரிகையால் தேய்த்து, அசற்றோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். அந்தத் தூரிகை உருக்கைத் தொட்டதாக இருக்கக்கூடாது. தொட்டால் இரும்புத் துகள் ஒட்டுக்குள் போகும். துடைத்த பிறகு வெறுங்கையால் தொடவேண்டாம், வியர்வை உப்பு. குளோரீன் கலந்த கிறீஸ் நீக்கியும் மெதனோலும் கிட்டவும் வரக்கூடாது. நிரப்புக் கம்பியை ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் நுனியில் ஒரு சென்ரிமீற்றர் வெட்டி எறியுங்கள், ஆகனுக்கு வெளியே வந்த சூடான நுனி காற்றைக் குடித்திருக்கும். நேர்மின்னோட்டம், ரங்ஸ்ரன் மறை முனையில். 1.6 மி.மீ.க்கு 60 அம்பியரைச் சுற்றித் தொடங்கி, கழிவுத் துண்டில் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

ஒரு வேண்டுகோள். நீலம் வந்த ஒட்டைத் தூரிகையால் தேய்த்து வெள்ளியாக்கிக் கொடுக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. நிறம் போகும், ஒட்சிசன் போகாது. அதன் மேலேயே இன்னொரு முறை ஓட்டினால் மேலே இருந்ததை உள்ளே கலக்கி விடுவதுதான் நடக்கும். கெட்ட ஒட்டை முழுதாக வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது தவிர வேறு வழி இல்லை. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முதல் கழிவுத் துண்டில் ஒரு கோடு ஓட்டி, வெள்ளி வருகிறதா, வளைத்தால் வளைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தைத்தேனியத்தை இரும்போடு நேரே ஒட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒட்டாது. இரண்டும் உருகிச் சேரும் இடத்தில் ஓடு மாதிரி நொருங்குகிற சேர்வை ஒன்று உண்டாகும். போல்ற் போட்டுப் பூட்டுங்கள்.

கேள்வி: 2 மி.மீ. தகட்டை 90 பாகைக்கு வளைத்தால் மடிப்பில் வெடிக்கிறது. வெடிக்காதது திரும்பி விரிகிறது.
— தகட்டு வேலைக்காரர், நெல்லியடி

பதில்: மடிப்பின் உள் ஆரை சிறிதாகிவிட்டது. தரம் 5 தகட்டைக் குளிராக வளைப்பதென்றால் தடிப்பின் 5 மடங்கு ஆரை வேண்டும்: 2 மி.மீ.க்கு 10 மி.மீ. சுத்தத் தரம் 2 என்றால் அதில் பாதி போதும். தகட்டைப் போட்டு வளைக்கும் கோடு, ஆலையில் உருட்டிய திசைக்குக் குறுக்காக வரட்டும். வெட்டிய ஓரத்தில் பிசிறு இருந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் புறப்படும், முதலில் வழித்தெடுங்கள். அளவுக் கோட்டைக் கீறுமுள்ளால் கீறாமல் பேனையால் போடுங்கள். கீறல் விழுந்த இடத்தில் பாதிப் பலம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், இந்த உலோகம் கீறலுக்கு அவ்வளவு பயம்.

விரிவதற்குக் காரணம் பலம் கூடுதல், விறைப்புக் குறைவு. கூடுதலாக வளைத்து விடத்தான் வேண்டும். எவ்வளவு என்பதை அதே தகட்டின் துண்டில் பார்த்து எழுதி வையுங்கள், வேறு ஆலைத் தகட்டுக்கு அந்த எண் பொருந்தாது.

சூடாக்கி வளைத்தால் இரண்டு தொல்லையும் தீரும்: 650 செல்சியஸ் அளவில் நன்றாக வளைந்து, வளைந்தபடியே நிற்கும். ஆனால் அந்தச் சூட்டில் காற்றுப்பட்ட மேற்பரப்பு ஒட்சிசன் குடித்து, நொருங்கும் தோல் ஒன்று உண்டாகும். அல்பாத் தோல் என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத் துடைத்தால் அது போகாது, உலோகத்தையே உரைத்தெடுக்கவேண்டும். சூடும் நேரமும் கூடினால் தோலும் தடிக்கும். ஆலைகளில் நைத்திரிக் அமிலமும் ஐதரோபுளோரிக் அமிலமும் கலந்த தொட்டியில் கரைத்தெடுக்கிறார்கள். வீட்டுப் பட்டறையில் அந்த இரண்டாவது அமிலத்தை நினைக்கவும் வேண்டாம்: தோலில் பட்டால் முதலில் நோகாது, உள்ளே எலும்பு வரை போகும், உடம்பின் கல்சியத்தைக் கட்டி இதயத்தையே நிறுத்தக்கூடியது. மணற்தாளும் பொறுமையும் போதும்.

சூடாக்க முதல் தகட்டைக் கழுவும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். எங்கள் கரையோரக் கிணறுகளில் உப்பு இருக்கிறது. உப்புப் படிந்த தைத்தேனியம் 300 செல்சியசைத் தாண்டும்போது, அதில் இழுவிசையும் இருந்தால், வெடிப்பு விடும். பற்றரிக்கு விடுகிற வடிநீரால் கடைசியாக ஒருமுறை கழுவுங்கள். அமெரிக்காவின் எஸ்.ஆர்–71 வேவு விமானத்தைத் தைத்தேனியத்தில் கட்டியபோது, கோடையில் செய்த ஒட்டுக்கள் மட்டும் கெதியில் கெட்டன. கடைசியில் பிடிபட்டது, பாசி பிடிக்காமல் இருக்கக் கோடையில் நகரத் தண்ணீரில் கூட்டிய குளோரீன்.

கேள்வி: புல்மோட்டை மணலில் தைத்தேனியம் இருக்கிறது என்று படிக்கிறோம். அப்படியானால் இந்தக் கலப்புலோகத்தை ஏன் இங்கேயே செய்யக்கூடாது?
— உயர்தர மாணவி, பருத்தித்துறை

பதில்: புல்மோட்டையின் கறுப்பு மணலில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கோன் மூன்றும் உண்டு. இல்மனைற்று என்பது இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. உலகில் அகழப்படும் தைத்தேனியக் கனியத்தில் நூற்றுக்கு 90-க்கு மேல் உலோகமாவதே இல்லை. வெள்ளைப் பெயின்ற் ஆகிறது, பற்பசை ஆகிறது, கடதாசி ஆகிறது.

உலோகமாக்கும் வழியைக் கேட்டால் ஏன் என்று விளங்கும், தங்கச்சி. இரும்பைப் போல் காபனால் தாழ்த்த முடியாது, காபைட்டு ஆகிவிடும். ஆகவே ஒட்சைட்டைக் காபனோடு சேர்த்துக் குளோரீனில் எரித்து, தைத்தேனியம் நாற்குளோரைட்டு என்ற திரவமாக்கி, அதை வடித்துச் சுத்தம் செய்வார்கள். பிறகு மூடிய உருக்குக் கலத்தில், ஆகனுக்குள், 800 செல்சியசுக்கு மேல் உருகிய மகனீசியத்தில் விடுவார்கள். மகனீசியம் குளோரீனைப் பறித்துக்கொள்ள, கலத்தில் துளைதுளையான தைத்தேனியப் பஞ்சு மிஞ்சும். லக்சம்பேர்க்கைச் சேர்ந்த வில்லியம் குறோல் 1930களில் கண்ட முறை இது. இன்றும் உலகம் இதில்தான் ஓடுகிறது. அந்தப் பஞ்சோடு அலுமினிய–வனேடியக் கலவையைச் சேர்த்து அழுத்திக் கட்டையாக்கி, வெற்றிடத்தில் மின்வில்லால் உருக்குவார்கள். கலவை சீராகவேண்டும் என்று அதே கட்டையை இரண்டாம் முறை, விமான எஞ்சின் வேலைக்கு மூன்றாம் முறையும் உருக்குவார்கள். குளோரீன், மகனீசியம், ஆகன், வெற்றிடம், எல்லாவற்றுக்கும் மேலாக மின்சாரம். மணல் இதில் மலிவான பகுதி. கேரளத்தின் சவறையிலும் இதே மாதிரிக் கரையோர மணல்தான். அங்கே தைத்தேனியப் பஞ்சு ஆலை 2011-இல் தொடங்கியது, அதுவும் விண்வெளித் துறையின் தேவைக்காக.

கேள்வி: படகின் வெளி எஞ்சினின் போல்ற்கள் உப்பில் அரிக்கின்றன. தைத்தேனியப் போல்ற் போட்டால் பிரச்சினை தீருமா?
— கடற்தொழிலாளர், குருநகர்

பதில்: போல்ற்றின் பிரச்சினை தீரும், எஞ்சினுக்கு வரும். இந்த வெப்பநிலைக் கடல்நீர் தைத்தேனியத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் எஞ்சினின் கால் அலுமினியம். உப்புத் தண்ணீரில் இரண்டும் முட்டினால் பற்றரி மாதிரி வேலை செய்து, அலுமினியம்தான் கரையும். போல்ற் புத்தம்புதிதாக இருக்க அதைச் சுற்றிய துளை வெள்ளைத் தூளாகக் கொட்டும். போடத்தான் வேண்டும் என்றால் நைலோன் புஷ்ஷும் வோஷரும் வைத்து உலோகத்தோடு உலோகம் முட்டாமல் பூட்டுங்கள், அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்குப் பூட்டும் நாக (சிங்க்) கட்டியைக் காலத்துக்குக் காலம் மாற்றுங்கள். இன்னொன்று: செம்பும் பித்தளையும் பாசி, சிப்பியைக் கொஞ்சமாவது அண்டவிடாது. தைத்தேனியத்துக்கு அந்தக் குணம் இல்லை, சிப்பி சந்தோசமாக ஒட்டும். கடல்நீருக்கு மட்டும் என்றால் தரம் 5 தேவையில்லை, மலிவான தரம் 2 போதும்.

கேள்வி: என்னவரின் காலில் தைத்தேனியத் தகடு வைத்திருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? பலாலியில் விமானம் ஏறும்போது பிரச்சினை வருமா?
— ஒரு அம்மா, சாவகச்சேரி

பதில்: இது காந்தத்தில் இழுபடாது அம்மா. ஆனாலும் எம்.ஆர்.ஐ. எடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தகட்டைச் சுற்றிப் படம் கலங்கும், அதற்கேற்ப எடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் தந்த அட்டையில் என்ன உலோகம் என்று எழுதியிருந்தால் அதையும் காட்டுங்கள், உருக்குத் தகடாகவும் இருக்கலாம். விமான நிலைய வாசல் சில வேளை சத்தம் போடும். அதே அட்டை போதும். உடம்புக்குள் வைப்பது பெரும்பாலும் தரம் 23: அதே ஆறு–நாலு, ஒட்சிசன் மட்டும் 0.13-க்கு உள்ளே. அதனால் வெடிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். எலும்பின் விறைப்பு 20 கிகாபஸ்கல் அளவு, இது 114, உருக்கு 190-க்கு மேல். தகடு மிக விறைப்பாக இருந்தால் பாரத்தைத் தானே தாங்கி, வேலை இல்லாத எலும்பு மெலியும். உருக்கைவிட இது நல்லது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மோட்டார் சைக்கிளின் எம்8 போல்ற் எல்லாவற்றையும் தைத்தேனியத்துக்கு மாற்றலாமா? தைத்தேனியச் சைக்கிள் பிரேமும் ஆறு–நாலுதானா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: தலையில் பலத் தரம் 8.8 என்று குத்திய உருக்குப் போல்ற்றுக்குப் பதிலாகப் போடலாம். 12.9-க்குப் பதிலாகப் போடக்கூடாது. எம்8 மரை தாங்கும் பரப்பு 36.6 சதுர மி.மீ. ஆறு–நாலு குறைந்தது 895 மெகாபஸ்கல் தாங்கும், ஆகவே ஏறத்தாழ 33 கிலோநியூட்டன். 12.9 போல்ற் 44-க்கு மேல் தாங்கும். பிரேக் காலிப்பரிலும் ஸ்ரியரிங்கிலும் கைவைக்க முதல் இந்தக் கணக்கைப் போடுங்கள். மரை கடைந்ததை விட உருட்டியது வாங்குங்கள். பசை பூசாமல் முறுக்கினால் மரையோடு மரை பிடித்து ஒட்டிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்கலாம். மொலிப்டினம் பசை பூசியபின் முறுக்குவிசையை ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள், பசையின் வழுக்கல் போல்ற்றை அளவுக்கு மேல் இழுக்கும்.

சைக்கிள் ரியூப் பெரும்பாலும் தரம் 9: மூன்று பங்கு அலுமினியம், இரண்டரை வனேடியம். ஆறு–நாலைக் குளிராக இழுத்து மெல்லிய ரியூப் ஆக்குவது பெரும்பாடு. பின்சில்லு பூட்டும் சிறு தகடுகளில்தான் ஆறு–நாலு வரும்.

கேள்வி: தைத்தேனியத் தோட்டில் நீலமும் ஊதாவும் எப்படி ஏற்றுகிறார்கள்? சாயமா?
— நகைத் தொழிலாளி, கன்னாதிட்டி

பதில்: சாயம் இல்லை. வெல்டிங்கில் வேண்டாம் என்ற அதே ஒட்சைட்டுப் படைதான். இங்கே சூடில்லாமல் மின்சாரத்தால் வளர்ப்பதால் உலோகம் கெடாது. ஒரு லீற்றர் வடிநீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா. தோட்டை நேர்முனையிலும் ஸ்ரெயின்லஸ் தகடொன்றை மறைமுனையிலும் கட்டித் தாழ்த்துங்கள். நிறத்தைத் தீர்மானிப்பது வோல்ற்று மட்டுமே, நேரம் அல்ல: 10-இல் வெண்கலம், 27-இல் நீலம், 55-ஐச் சுற்றிப் பொன்மஞ்சள், 75-இல் இளஞ்சிவப்பு கலந்த ஊதா, 90-க்கு மேல் பச்சை. 9 வோல்ற்றுப் பற்றரி மூன்றைத் தொடராகக் கட்டினாலே நீலம் வந்துவிடும். அதற்கு மேலே போகும்போது றப்பர்க் கையுறை போடாமல் தொடவேண்டாம். நல்ல சிவப்பும் கறுப்பும் இந்த முறையில் வராது.

தோட்டைப் பிடிக்கிற கொக்கியும் தைத்தேனியமாக இருக்கவேண்டும். செம்புக் கிளிப் தண்ணீரில் பட்டால் மின்சாரம் அதன் வழியே ஓடிவிடும், தோட்டில் நிறம் ஏறாது. வோல்ற்றைக் கூட்டிக்கொண்டு போகலாம், திரும்பி வர முடியாது: நீலத்தைத் தாண்டிவிட்டால் 600 மணற்தாளால் தேய்த்து வெள்ளியாக்கி, அசற்றோனில் துடைத்துவிட்டு முதலில் இருந்து தொடங்குங்கள். விரலடையாளம் இருந்த இடம் திட்டாகத் தெரியும். ஒரே வோல்ற்றில் சுத்தத் தைத்தேனியம் பளிச்சென்று வரும், ஆறு–நாலு கொஞ்சம் மங்கலாக வரும். காதுக்கு என்றால் இரண்டும் சரி. மோதிரத்தின் உட்புறத்தில் நிறம் ஏற்றவேண்டாம், விரல் உரசி ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்.